போகலாம் என்று சொல்வது யார்?

‘இனப்பெருக்க நலம்’ என்னும் தொடர் காதில் விழுந்த மாத்திரத்தில் நம் கத்தோலிக்க இல்லங்களிலும் பங்கு மன்றங்களிலும் ஒரு கதவு சாத்தப்படுகிறது. கருத்தடை மாத்திரை, கருக்கலைப்பு, மேலைநாட்டுப் பணம் என்று மூன்றும் வரிசையாக வந்து நிற்கின்றன. அதற்குமேல் பேச்சு நகர்வதில்லை. 1994 செப்டம்பரில் கெய்ரோவில் நடந்த மக்கள்தொகை மாநாட்டில் இத்தொடரைக் குறித்துத் திருப்பீடம் தன் மறுப்புரையைப் பதிவு செய்தது. அதற்குக் காரணம் இருந்தது. கருவிலுள்ள உயிரைப் பற்றிய திருச்சபையின் படிப்பினை நமக்குப் பேரம் பேசும் பொருளன்று. ஆயினும் ஒரு சொல்லின்மீது கொண்ட ஐயம் அச்சொல் சுட்டுகின்ற பெண்ணின்மீதும் படர்ந்துவிட்டதே, அதைத்தான் இங்கே எதிர்க்கிறோம்.

எத்தியோப்பிய மலைச்சிற்றூரொன்றில் மூன்றாம் நாளாக இடுப்புவலியில் கிடக்கும் இளம்பெண்ணுக்குக் கெய்ரோ எத்திசையில் இருக்கிறதென்று தெரியாது. அவளுக்கு வேண்டியவை ஒரு கட்டிலும், அறுவைக்கத்தி பிடிக்கத் தெரிந்த ஒரு கையும், அங்கே கொண்டு சேர்க்கும் ஒரு வண்டியும். இம்மூன்றுக்கும் முன்னதாக, “போகலாம்” என்று யாரேனும் ஒருவர் சொல்லவேண்டும். அவ்வொரு சொல் அவள் வாயிலிருந்து வந்தால் செல்லுபடியாகுமா என்பதே கேள்வி. கிழக்கு ஆப்பிரிக்காவில் பெண்ணின் உடல்நலமும் பெண்ணின் அதிகாரமும் வேறு வேறு தலைப்புகள் அல்ல என்று நாம் சொல்வதன் பொருள் இதுவே.

நடப்பது என்னவென்று கூச்சமின்றிச் சொல்லிவிடுவோம். குழந்தையின் தலை இடுப்பெலும்பின் வளையத்துள் சிக்கிக்கொள்கிறது. இளவயதில் மணமான பெண்ணுக்கு, அல்லது சிறுவயது முதல் அரைவயிறு உண்டு தலைச்சுமை சுமந்து வளர்ந்த பெண்ணுக்கு, அவ்வளையம் குறுகலாக இருப்பது இயல்பு. நகரத்துப் பெண்ணானால் சில மணி நேரத்தில் சிசேரியன் செய்து தாயையும் சேயையும் பிரித்தெடுப்பர். சிற்றூரில் வலி இரண்டு நாள், மூன்று நாள், சிலவேளை ஐந்து நாள் நீள்கிறது. தலைக்கும் எலும்புக்கும் இடையில் நசுங்கிய தசைக்கு இரத்தம் செல்லாமல் அது செத்து உதிர்கிறது. சிறுநீர்ப்பைக்கும் பேறுவழிக்கும் நடுவே ஒரு துளை விழுகிறது, சிலருக்கு மலக்குடலிலும். மருத்துவர் இதனை ஃபிஸ்டுலா என்பர். குழந்தை பெரும்பாலும் இறந்தே பிறக்கிறது. தாய் உயிர் தப்பினால் அன்று முதல் இரவும் பகலும் சிறுநீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். நாற்றம் தாளாமல் கணவன் விலகுகிறான்; ஊர்க்கிணற்றடியில் இடமில்லை; கோவிலில் இடமில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு குடிசை போட்டுத் தருவர். அங்கே ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்கள் உண்டு.

இங்கே சாவுக்கும் ஊனத்துக்கும் வழிவிடுவது தாமதம். 1994இல் செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்னும் இரு ஆய்வாளர் தாய்மார் சாவை மூன்று தாமதங்களாகப் பகுத்துக் காட்டினர்: மருத்துவமனைக்குப் போக முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்தபின் சிகிச்சை பெறுவதில் தாமதம். இரண்டாவது தாமதத்துக்குச் சாலை போடலாம். மூன்றாவதற்கு மருத்துவரை அமர்த்தலாம். முதல் தாமதத்துக்கு எந்தப் பொறியாளரை அனுப்புவது? கணவன் சந்தைக்குப் போயிருக்கிறான், வரட்டும் என்பர். மாமியார் தாம் எட்டுப் பிள்ளைகளை வீட்டிலேயே பெற்றதைச் சொல்வார். மருத்துவமனைச் செலவுக்கு மாட்டை விற்கவேண்டும், மாடு அவளுடையதன்று. இவர்களில் எவரும் கொடியவர் அல்லர். அவளைச் சாகடிக்க ஒருவரும் நினைக்கவில்லை. ஆனால் முடிவு கூறும் வாய்கள் பலவாக இருக்க, வலிப்பவளின் வாய் மட்டும் அக்கணக்கில் சேரவில்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023இல் கருவுற்ற காலத்திலும் பேற்றிலும் இறந்த பெண்கள் ஏறக்குறைய 2,60,000 பேர். அவர்களில் பத்தில் எழுவர் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கர்.

இதைக் கேட்டதும், “அது அவர்கள் காட்டு வழக்கம்” என்பாரும் நம்மிடையே உண்டு. இந்தச் சொல்லை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். 1855இல் நியூயார்க்கு நகரில் இதே நோய்க்கென்று ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. பின்னாளில் அதன் கட்டடம் எழுந்த மனையில் இன்று நிற்பது ஓர் ஆடம்பர விடுதி. வெள்ளைக்காரப் பெண்ணின் நல்லொழுக்கத்தாலோ அவள் கணவனின் அறிவாலோ அந்நோய் அங்கே மறையவில்லை. பேறுகாலச் செவிலியும் சிசேரியனும் சாலையும் வந்தன, நோய் போயிற்று. அம்மருத்துவமனையை நிறுவிய மரியன் சிம்ஸ் தன் கைத்திறனை எங்கே கற்றார் என்பதையும் சொல்லவேண்டும். 1845 முதல் 1849 வரை அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரியில் அடிமைப் பெண்களின் உடலில் கற்றார். அனார்க்கா, லூசி, பெட்சி என மூவரின் பெயரே நமக்குக் கிடைத்திருக்கிறது. அனார்க்காவுக்கு ஏறத்தாழ முப்பது முறை, மயக்க மருந்தின்றி. ஆப்பிரிக்க வழிவந்த அப்பெண்களிடம் சம்மதம் கேட்க அன்றையச் சட்டம் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. நியூயார்க்குப் பூங்காவில் நின்ற சிம்ஸின் சிலையை 2018இல்தான் அகற்றினார்கள். ஆப்பிரிக்கரைக் காட்டுவழக்கத்தார் என்பவர், இன்று அடிஸ் அபாபாவில் ஒரு பெண் குணமடைவதற்கு அடிப்படையாய் அமைந்த தையல் யாருடைய தசையில் முதலில் போடப்பட்டது என்று எண்ணிப் பார்க்கட்டும்.

மற்றொரு சாராரும் உண்டு. அவர்கள் நல்லவர்கள், படித்தவர்கள். சட்டம் போட்டால் எல்லாம் தீரும் என்பவர்கள். அவர்களுக்குக் கென்யாவின் மேரு நாட்டுக் கதையை நினைவூட்டவேண்டும். பெண்பிள்ளைகளின் உறுப்பைச் சிதைக்கும் சடங்கு அங்கே நெடுங்கால வழக்கம். 1956இல், ஆங்கிலேய ஆட்சியின் கீழ், ஞ்சூரி ஞ்செக்கே என்னும் மூப்பர் அவை அதனைத் தடை செய்தது. ஆண்கள் கூடிப் பேசி, ஆண்கள் முடிவெடுத்து, ஆண்கள் அறிவித்தார்கள். விளைவு என்ன? பதின்பருவப் பெண்கள் சவரத்தகட்டை வாங்கிக்கொண்டு புதருக்குள் சென்று தமக்குத் தாமே அறுத்துக்கொண்டனர். ‘நானே செய்துகொள்வேன்’ என்னும் பொருளுடைய ‘ஙைட்டானா’ என்பது அவர்களுக்குப் பெயராயிற்று. அடுத்த மூன்றாண்டுகளில் 2,400 பேருக்கு மேல் வழக்கில் சிக்கினர். தண்டம் கட்டியவருள் அப்பெண்களும் இருந்தனர். தீயதொன்றை ஒழிக்க வந்த ஆணை, அத்தீமையையே அவர்களின் உரிமைக் கொடியாக்கிவிட்டது.

நாற்பதாண்டு சென்றபின், 1996இல், மேருவை அடுத்த தாரக்காவில் வேறொன்று நிகழ்ந்தது. கென்ய மகளிரின் மாபெரும் அமைப்பான ‘மாயென்டலேயோ யா வனவாக்கே’ தாய்மாரோடும் பெண்பிள்ளைகளோடும் அமர்ந்து பேசிற்று. அச்சடங்கில் அவர்கள் விரும்பியது எது, அஞ்சியது எது என்று பிரித்துப் பார்த்தது. ஒதுங்கியிருந்து மூத்த பெண்களிடம் பாடம் கேட்பது, பரிசு பெறுவது, ஊர்கூடி ஆடிப்பாடி வரவேற்பது ஆகிய எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு கத்தியை மட்டும் எடுத்துவிட்டனர். ‘சொல்லால் செய்யும் சடங்கு’ என்று பெயரிட்டனர். எல்லா ஊரிலும் இது வென்றுவிட்டதென்று சொல்ல வரவில்லை. கென்யா 2011இல் மறுபடியும் கடுஞ்சட்டம் இயற்ற வேண்டித்தான் இருந்தது. சட்டம் வேண்டாம் என்பதும் நம் கட்சியன்று. முதலாவது முறை பெண்ணை விலக்கிவைத்துப் பெண்ணைக் காக்க முனைந்தது. இரண்டாவது முறை அவளையே கேட்டது. இவ்வேறுபாடு காணாதவர் எத்தனை மாநாடு கூட்டினும் பயனில்லை.

காப்பது என்ற சொல்லே சிலவேளை கத்தியாகிறது. தான்சானியாவின் 1971ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் ஆணுக்குப் பதினெட்டு வயது என்றது. பெண்ணுக்குப் பெற்றோர் ஒப்புதலோடு பதினைந்து போதும் என்றது. அச்சட்டம் வந்தபோது குடியரசுத் தலைவராய் இருந்தவர் ஜூலியஸ் நியெரெரே. அன்றாடத் திருப்பலி காணும் கத்தோலிக்கர். அவரது புனிதர் பட்டத்துக்கான பணி 2005இல் தொடங்கப்பட்டது. (புனிதர்களின் காலத்திலும் சட்டங்களில் ஓட்டை இருக்கும் போலும்.) ரெபெக்கா கியூமி என்னும் இளம் வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் 2016இல் உயர் நீதிமன்றம் அப்பிரிவுகள் செல்லாது என்றது. அரசு மேல்முறையீடு செய்தது. மணமாகுமுன் கருவுறும் சிறுமியைக் காக்கவே அவ்விலக்கு என்று வாதாடிற்று! 2019 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவ்வாதத்தைத் தள்ளுபடி செய்தது. அதே நாட்டில் 2017இல் குடியரசுத் தலைவர் மகுஃபுலி, கருவுற்ற மாணவி பள்ளிக்குத் திரும்ப முடியாதென்று பொதுமேடையில் அறிவித்தார். 2021 நவம்பரில்தான் அத்தடை நீங்கிற்று. இடைப்பட்ட நான்காண்டில் கனத்த வயிற்றோடு வெளியேறியவள் அவள். அவ்வயிற்றுக்குக் காரணமானவன் மாணவனாயின் வகுப்பறையில் அமர்ந்திருந்தான். இதையும் ஒழுக்கம் என்று பெயர் சூட்டிப் பாராட்டியவர்கள் இருந்தார்கள். உயிரைக் காப்பதே நம் கொள்கையென்று முழங்கும் நாம், கருவைக் கலைக்காமல் சுமக்கத் துணிந்த ஒரு சிறுமியைத் தெருவில் நிறுத்தும் ஆணைக்கு எதிராக எத்துணை உரக்கக் குரல் எழுப்பினோம்?

இனி நம் வீட்டுக்கு வருவோம். துறவறச் சகோதரிகள் பேறு பார்ப்பதைத் திருச்சபைச் சட்டம் ஒரு காலத்தில் தடுத்து வைத்திருந்தது. கன்னிமைக்கு அது பொருந்தாது என்ற எண்ணம். பர்தாவுக்குள் வாழ்ந்த பெண்கள் ஆண் மருத்துவரிடம் வரமாட்டார். பெண் மருத்துவரோ கிடையாது. எனவே அவர்கள் வீட்டிலேயே இறந்தனர். அன்றைய பிரித்தானிய இந்தியாவின் ராவல்பிண்டியில் இதைத் தம் கண்ணால் கண்ட ஆஸ்திரிய மருத்துவர் அன்னா டெங்கல் 1925இல் மருத்துவ மறைபரப்புச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். அவருக்கு முன்னரே ஆக்னஸ் மக்லாரன் என்னும் ஸ்காத்லாந்து மருத்துவர் முதிய வயதில் உரோமைக்கு நடையாய் நடந்து மன்றாடினார். அனுமதியைக் காணாமலே இறந்தார். இறுதியில் 1936 பிப்ரவரி 11 அன்று திருப்பீடத்தின் மறைபரப்புப் பேராயம் அத்தடையை நீக்கிற்று. அடுத்த ஆண்டே அயர்லாந்தைச் சேர்ந்த அன்னை மேரி மார்ட்டின் மரியாவின் மருத்துவ மறைபரப்பாளர் சபையை நிறுவினார். திருச்சபை கதவைத் திறக்கத் தெரியாத நிறுவனம் அன்று என்பதற்கு இது சான்று. பெண்கள் தட்டினால்தான் அது திறந்தது என்பதற்கும் இதுவே சான்று.

அக்கதவு வழியே சென்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு எத்தியோப்பியாவின் குராகே பகுதியிலுள்ள அத்தாட் மருத்துவமனையைக் காட்டலாம். அன்னா டெங்கலின் சபைச் சகோதரிகள் நடத்தி வந்தது அது. பேற்றில் இடர் வரக்கூடிய பெண்களை மாதம் நிறையுமுன்னரே வரச்சொல்லி, மருத்துவமனை வளாகத்தில் எளிய குடில் அமைத்துத் தங்க வைத்தார்கள். பெரிய கருவிகள் எவையும் அக்குடிலில் இல்லை. உற்றார் உடன் தங்கலாம், தங்கள் உணவைத் தாங்களே சமைத்து உண்ணலாம். வலி கண்டால் சில அடி நடந்தால் அறுவைக்கூடம். 1987 முதல் 2008 வரை அங்கே நடந்த 24,148 பேறுகளை ஆராய்ந்து 2010இல் முடிவு வெளியிட்டனர். காத்திருப்புக் குடில் வழியே வந்தோரில் இலட்சத்துக்கு 90 தாய்மார் என்ற கணக்கில் இறப்பு. நேரே வந்தோரில் இலட்சத்துக்கு 1,333. இறந்து பிறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு 18க்குச் சற்றுக் குறைவு, மற்றவரிடம் 191. நேரே வந்தோரில் பலர் நிலைமை முற்றியபின் தூக்கி வரப்பட்டவர்கள், ஆகவே இவ்விரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முற்றியபின் தூக்கி வரப்பட்டார்கள் என்பதே நாம் சொல்ல வந்த செய்தி. குடிலில் தங்கியவளுக்கு முதல் தாமதமும் இரண்டாவது தாமதமும் இல்லை. “போகலாம்” என்ற சொல் வலி வருமுன்னரே, பகல் வெளிச்சத்தில், பதற்றமின்றிச் சொல்லப்பட்டுவிட்டது.

உகாண்டாவின் மசாக்காவில் கிட்டோவு மருத்துவமனையில் 1987 முதல் பணியாற்றிய அருள்சகோதரி மவுரா லிஞ்ச், அன்னை மேரி மார்ட்டினின் சபையைச் சேர்ந்தவர். ஃபிஸ்டுலா நோயாளர் ஆயிரவர்க்கு மேல் அறுவை செய்து 2017இல் மறைந்தார். அடிஸ் அபாபாவில் கேத்தரின், ரெஜினால்டு ஹாம்லின் இணையர் கத்தோலிக்கர் அல்லர். 1959இல் பேறுகாலச் செவிலியர் பள்ளி தொடங்க வந்தவர்கள், 1974இல் ஃபிஸ்டுலாவுக்கென்றே ஒரு மருத்துவமனை நிறுவினர். கணவர் 1993இலும் மனைவி 2020இலும் காலமாயினர். அறுபதாயிரம் பெண்களுக்கு மேல் அங்கே சிகிச்சை பெற்றுள்ளனர். அங்கே 1962இல், நான்கு நாள் வலிக்குப்பின், சிதைந்த உடலோடு வந்து சேர்ந்த மமித்து காஷேவை மட்டும் சற்று நின்று நோக்குவோம். எழுத்தறியாதவர். முழுதும் குணமாகாத நிலையில் படுக்கை விரிக்கத் தொடங்கினார். பிறகு அறுவைக்கூடத்தில் கருவி எடுத்துக் கொடுத்தார். பிறகு கத்தியையே கையில் வாங்கினார். மருத்துவக் கல்லூரி வாசலை மிதிக்காத அவர், வெளிநாட்டிலிருந்து வந்த மருத்துவர்களுக்கு அவ்வறுவையைக் கற்றுத் தந்தார். 1989இல் இலண்டன் அறுவை மருத்துவர் கழகம் ஹாம்லின் இணையருக்கும் அவருக்கும் சேர்த்துப் பொற்பதக்கம் அளித்தது. பெண்ணுக்கு ஆற்றல் அளித்தல் என்று கருத்தரங்குகளில் ஒலிக்கும் சொல்லுக்கு வடிவம் கேட்டால் இவரைச் சுட்டலாம். ஆற்றலை எவரும் அவருக்கு அளிக்கவில்லை. இருந்த ஆற்றலுக்கு வழி விட்டார்கள், அவ்வளவே.

இவ்வளவும் இருக்க, நம் குரல் எங்கே ஒலிக்கிறது? 2003இல் ஆப்பிரிக்க ஒன்றியம் மாப்புட்டோ நகரில் பெண்ணுரிமை நெறிமுறை ஒன்றை ஏற்றது. மணவயது, சொத்து, வன்முறை, உறுப்புச் சிதைப்பு, கைம்பெண்ணின் நிலை எனப் பலவும் அதில் உண்டு. பதினான்காம் பிரிவில் குறிப்பிட்ட நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கும் ஓர் உட்பிரிவும் உண்டு. அதனைத் திருச்சபையினர் எதிர்த்தனர். கென்யாவும் உகாண்டாவும் அவ்வுட்பிரிவை விலக்கிவைத்தே ஒப்புதல் தந்தன. எதிர்த்தது சரியே. எஞ்சிய பிரிவுகளை நம் பங்குகளில் எத்தனை பேர் அறிவர்? ஒரு வரிக்கு ‘மாட்டேன்’ என்று சொன்னவர், மற்ற வரிகளுக்கு ‘ஆம்’ என்று சொல்லும் கடமையிலிருந்து விடுபட்டுவிடுவதில்லை. கருக்கலைப்பை மறுக்கும் நாவுக்குப் பேறு பார்க்கும் கட்டிலைக் கேட்கும் உரிமையும் பொறுப்பும் இரட்டிப்பு.

திருச்சபை பரிந்துரைக்கும் இயற்கை முறைக் குடும்ப நலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் சில நாள் ஒதுங்கியிருக்க வேண்டும் என்பது அம்முறையின் உயிர்நாடி. மனைவி, “இன்று வேண்டாம்” என்று சொன்னால் கணவன் கேட்கும் வீட்டில்தான் அது நடக்கும். அவள் சொல்லுக்கு மதிப்பில்லாத வீட்டில் அட்டவணையும் வெப்பமானியும் என்ன செய்யும்? ஆக, பெண்ணின் அதிகாரம் மேலைநாட்டார் இறக்குமதி செய்த பண்டம் என்று சொல்லும் அன்பர்கள், தாங்கள் போதிக்கும் முறையே அவ்வதிகாரத்தின்மீதுதான் நிற்கிறது என்பதைக் கவனிக்கவில்லை. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1995 ஜூன் 29 அன்று பெண்களுக்கு எழுதிய மடலில், பெண்களைப் பின்னுக்குத் தள்ளியதில் திருச்சபையின் பிள்ளைகளுக்கும் பங்குண்டென்று வருந்தினார். அம்மடலை வாசித்துவிட்டு மூடி வைத்தவர்களே அதிகம்.

பன்னிரண்டு ஆண்டுப் பெரும்பாட்டினால் வருந்திய பெண்ணை மாற்கு நற்செய்தியில் காண்கிறோம். உடலிலிருந்து ஓயாமல் ஒழுகுவதால் தீட்டென்று விலக்கப்பட்டவள்; கைப்பொருளையெல்லாம் மருத்துவரிடம் இழந்தவள். அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கணவனோ தந்தையோ அவளுக்காகப் பரிந்து பேச வரவில்லை. தானே முடிவெடுத்து, கூட்டத்தைப் பிளந்து, கையை நீட்டினாள். ஆண்டவர் அவளைக் கடிந்தாரில்லை. குணமாக்கியதோடு அனுப்பிவிடவும் இல்லை. நின்று, திரும்பி, எல்லார்முன்னும் அவளைப் பேசவைத்தார். மகள் என்று அழைத்தார். தொழுகைக்கூடத் தலைவரின் பிள்ளை சாகுந்தறுவாயில் கிடக்க, பெரிய மனிதர் ஒருவர் காத்து நிற்க, இவளுடைய முழுக்கதையையும் கேட்க நேரம் ஒதுக்கினார். இப்பகுதிக்கு ஆண்டுதோறும் நாம் ஆற்றும் மறையுரைகள் பெரும்பாலும் அவளது விசுவாசத்தைப் போற்றிவிட்டு, அவளது துணிவைக் கண்டும் காணாமல் கடந்துவிடுகின்றன.

அக்டோபரில் மறைபரப்பு ஞாயிறு வரும். உண்டியல் சுற்றி வரும். ஆப்பிரிக்கப் பிள்ளைகளின் படம் கோவில் வாசலில் ஒட்டப்படும். இந்தியாவிலிருந்து அங்கே சென்று பணிபுரியும் அருள்சகோதரிகள் பலர் விடுமுறைக்கு ஊர் வருவார்கள். வந்தவரிடம் எத்தனை பேர் திருமுழுக்குப் பெற்றனர் என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாதிருப்போம். உங்கள் மருந்தகத்தின் அருகே நிறைமாதப் பெண் தங்க ஒரு குடில் இருக்கிறதா, இரவில் வலி கண்டால் வண்டி உண்டா, அறுவைக்கு ஒப்புதல் கையெழுத்தை அவளே இடலாமா, அல்லது கணவன் வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்று கேட்போம். குடில் இல்லையென்றால் அதற்கு என்ன செலவாகும் என்பதையும் அங்கேயே கேட்டு, பங்குப்பேரவையின் அடுத்த கூட்டத்துக் குறிப்பேட்டில் எழுதிவைப்போம்.